டெஸ்ட் சாம்பியன்ஷிப்: அளவுகோல் மாறினால் பட்டியலும் மாறும்

2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை 5 விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தி தென்னாப்பிரிக்கா உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. 282 ரன் இலக்கு, மார்க்ரமின் 136, ரபாடாவின் 9 விக்கெட் எல்லாம் நினைவில் இருக்கும். அந்த அணி இறுதிப்போட்டிக்கு எப்படி வந்தது என்பதுதான் இங்கே விஷயம். இரண்டு ஆண்டு நீளும் 2023-25 சுழற்சியின் லீக் முடிவில் மேலே இருந்த ஐந்து அணிகள் இவை (கழிவு என்பது மெதுவாகப் பந்துவீசியதற்குக் கழித்த புள்ளி; சதவீதக் கணக்கு கீழே வரும்):

| அணி | டெஸ்ட் | வெற்றி | தோல்வி | டிரா | கழிவு | புள்ளி | சதவீதம் |
|---|---|---|---|---|---|---|---|
| தென்னாப்பிரிக்கா | 12 | 8 | 3 | 1 | 0 | 100 | 69.44 |
| ஆஸ்திரேலியா | 19 | 13 | 4 | 2 | 10 | 154 | 67.54 |
| இந்தியா | 19 | 9 | 8 | 2 | 2 | 114 | 50.00 |
| நியூசிலாந்து | 14 | 7 | 7 | 0 | 3 | 81 | 48.21 |
| இங்கிலாந்து | 22 | 11 | 10 | 1 | 22 | 114 | 43.18 |

புள்ளியை மட்டும் கூட்டிப் பார்த்தால் சாம்பியன் அணிக்கு நான்காம் இடம். இந்தியாவும் இங்கிலாந்தும் ஆளுக்கு 114 புள்ளியோடு இருந்தும் பட்டியலில் ஒன்று மூன்றாவது, மற்றது ஐந்தாவது. எனவே எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பது முக்கியம். இதுவரை புழக்கத்தில் இருந்தவை மூன்று: முதல் சுழற்சியில் தொடருக்கு 120 புள்ளி, 2021 முதல் போட்டிக்கு 12 புள்ளியும் சதவீதமும், இவற்றுக்கு வெளியே சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் டெஸ்ட் தரவரிசை.

தொடருக்கு 120

2019-ல் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது ஒரு தொடரில் எத்தனை டெஸ்ட் இருந்தாலும் மொத்தம் 120 புள்ளிதான். 2 டெஸ்ட் தொடரில் வெற்றிக்கு 60, டிராவுக்கு 20. 3 டெஸ்ட் என்றால் 40, 13. 4 டெஸ்ட் என்றால் 30, 10. 5 டெஸ்ட் என்றால் 24, 8. ஆளுக்கு 6 தொடர் என்பதால் எல்லோருக்கும் உச்சவரம்பு 720. காகிதத்தில் சமமாகத்தான் தெரிந்தது.

ஆடுகளத்தில் அப்படி இல்லை. 2019-ல் ஐந்து டெஸ்ட் கொண்ட இங்கிலாந்து-ஆஸ்திரேலியா ஆஷஸ் தொடர் 2-2 என்று முடிந்தது. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இரண்டு வெற்றி, ஒரு டிராவுக்குத் தலா 56 புள்ளி. அதே சமயத்தில் இந்தியா வெஸ்ட் இண்டீஸில் 2-0 என்று வென்று 120 புள்ளியை அள்ளியது. அங்கேயும் இரண்டு வெற்றி, இங்கேயும் இரண்டு வெற்றி. ஆஷஸில் அவற்றின் மதிப்பு 48, கரீபியனில் 120. ஐந்து டெஸ்ட் தொடர் ஆடும் கிரிக்கெட் வாரியங்களுக்கு இது தண்டனை போலவே இருந்தது.

கொரோனாவால் தொடர்கள் ரத்தானதும் இந்த முறை தடுமாறியது. 2020 நவம்பரில் ஐசிசி, ஆடிய தொடர்களுக்கான புள்ளியில் எத்தனை சதவீதம் எடுத்தார்கள் என்று வரிசைப்படுத்த முடிவு செய்தது. அன்றைய நிலவரம்: இந்தியா 480-க்கு 360, அதாவது 75%. ஆஸ்திரேலியா 360-க்கு 296, அதாவது 82.2%. 64 புள்ளி முன்னால் இருந்த இந்தியா ஒரே இரவில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. இந்தியாவில் அப்போது எழுந்த கோபம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனாலும் முடிவு சரியானது. அதே விதிப்படிதான் இந்தியா 520/720, 72.2% என்று முதலிடத்தில் முடித்தது.

முதல் இரண்டு அணிகளே இறுதிப்போட்டிக்குப் போகும் என்பதால் இரண்டாம் இடத்தில்தான் விறுவிறுப்பு. நியூசிலாந்து 600-க்கு 420, சரியாக 70.0%. ஆஸ்திரேலியா 480-க்கு 332, 69.2%. 2020 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலியா உரிய நேரத்தில் வீச வேண்டியதில் இரண்டு ஓவர் பின்தங்கியதற்கு, ஓவருக்கு 2 வீதம் 4 புள்ளி வெட்டப்பட்டிருந்தது. அந்த 4 இருந்திருந்தால் 336/480, அதுவும் அச்சு அசலாக 70.0%. ரன்-விக்கெட் விகிதத்தை (விக்கெட்டுக்கு எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் ஒப்பிடுவது) வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்திருக்கும். வெறும் கூட்டுத்தொகையில் பார்த்தாலோ 442 எடுத்த இங்கிலாந்து இரண்டாவது. சவுத்தாம்ப்டன் இறுதிப்போட்டியில் இந்தியாவை எதிர்த்து நின்றிருக்க வேண்டியது இங்கிலாந்து. அது நியாயமில்லை, காரணம் நியூசிலாந்தின் வங்கதேசப் பயணம் நடக்கவே இல்லை. ஆடாத அந்த இரண்டு டெஸ்டையும் டிரா என்று வைத்தால் நியூசிலாந்து 460-க்கு ஏறிவிடும். சதவீதம் சொன்ன அதே பதில்.

போட்டிக்கு 12, பிறகு சதவீதம்

2021 முதல் எந்தத் தொடராக இருந்தாலும் வெற்றிக்கு 12, டைக்கு 6, டிராவுக்கு 4. எடுத்த புள்ளியை, ஆடிய டெஸ்ட் எண்ணிக்கையை 12-ஆல் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். தாமதமாக வீசிய ஒவ்வொரு ஓவருக்கும் 1 புள்ளி கழியும். கழிவு மேலே உள்ள எண்ணில் மட்டும். கீழே உள்ள எண் மாறாது. வீட்டில் கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

இன்னொரு தவறு பெயரிலேயே இருக்கிறது. நம் விளையாட்டுச் செய்திகள் இதை 'வெற்றி சதவீதம்' என்று எழுதுகின்றன. 2021-23-ல் இந்தியா 18 டெஸ்டில் 10 வென்றது. வெற்றி சதவீதம் 55.56. பட்டியலில் இருந்ததோ 58.80. பத்து வெற்றிக்கு 120, மூன்று டிராவுக்கு 12, ஓவர் கழிவு 5. 127-ஐ 216-ஆல் வகுத்தால் வருவது அது. எனவே 'புள்ளி சதவீதம்' என்பதே பொருத்தமான பெயர்.

ஒரு டெஸ்ட் முடிந்ததும் சதவீதம் எப்படி நகரும் என்று பார்க்கலாம். ஓர் அணி 10 டெஸ்டில் 72 புள்ளி, 60% என்று நிற்கிறது. 11-வது டெஸ்டில் வென்றால் 84/132, 63.64%. தோற்றால் 72/132, 54.55%. டிரா செய்தால் 76/132, 57.58%. டிரா செய்தாலும் சதவீதம் கீழே இறங்குகிறது பாருங்கள். டிரா மூன்றில் ஒரு பங்குதான் தருகிறது, அதனால் 33.33 சதவீதத்துக்கு மேல் இருக்கும் எந்த அணிக்கும் டிரா இழப்பு, கீழே இருக்கும் அணிக்கு லாபம். 'டிரா செய்து ஒரு புள்ளியாவது தேற்றிக்கொண்டார்கள்' என்று மேல்வரிசை அணியைப் பற்றிச் சொல்வது பொருந்தாது. தோல்வியைவிடக் குறைவாக இழந்தார்கள், அவ்வளவுதான்.

ஓவர் கழிவைச் சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2023 ஆஷஸ் 2-2 என்று முடிந்தபோது இரு அணிக்கும் தலா 28 புள்ளி வந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு ஓல்ட் டிராஃபோர்டில் 10 கழிந்து 18 நின்றது. இங்கிலாந்துக்குத் தொடர் முழுவதுமாக 19 கழிந்து மிஞ்சியது 9. ஐந்து டெஸ்ட் உழைப்பு, வெறும் 9 புள்ளி. விக்கெட் விழும் நேரம், டிஆர்எஸ் (நடுவர் முடிவின் மறுபரிசீலனை), காயம், தண்ணீர் இடைவேளை எல்லாவற்றுக்கும் சலுகை கொடுத்த பிறகே மணிக்கு 15 ஓவர் கணக்குப் பார்க்கிறார்கள். நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கி, சுழல் வீச்சைத் தொடாமலே நாளை ஓட்டினால் மாட்டிக்கொள்வது அநேகமாக உறுதி.

சதவீத முறையிலும் ஒரு சமனின்மை உண்டு. 12 டெஸ்ட் மட்டும் ஆடும் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு போட்டி 8.33 சதவீதப் புள்ளி; 22 ஆடும் இங்கிலாந்துக்கு 4.55 மட்டுமே. குறைவாக ஆடும் அணி வேகமாக ஏறும், வேகமாக விழும். 2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா தன் உள்நாட்டு டி20 லீக்குக்காக முன்னணி வீரர்களை நிறுத்திக்கொண்டு நியூசிலாந்துக்கு இரண்டாம் நிலை அணியை அனுப்பி 0-2 என்று தோற்றது. அதற்குப் பிறகு அந்த அணி ஏழு டெஸ்டைத் தொடர்ச்சியாக வென்று ஏறிவந்தது.

தரவரிசை எதைப் பார்க்கிறது

சாம்பியன்ஷிப் எதிரணியின் பலத்தைப் பார்ப்பதே இல்லை. அந்தச் சுழற்சியில் தென்னாப்பிரிக்கா லீக்கில் ஆஸ்திரேலியாவையோ இங்கிலாந்தையோ சந்திக்கவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் இந்தச் சாம்பியன்ஷிப்பில் மோதியதே இல்லை. ஆறு தொடர்களை வாரியங்கள் பேசி முடிவு செய்வதால் யாருக்கு எளிய பாதை அமையும் என்பது அட்டவணையிலேயே தீர்மானமாகிவிடும்.

தரவரிசை இங்கே வேறு மாதிரி. ஒரு வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, தொடரை வென்றால் கூடுதலாக 1. இரு அணிகளின் ரேட்டிங் (தரவரிசைப் புள்ளி) இடைவெளி 40-க்குள் இருந்தால், சொந்தத் தொடர்ப் புள்ளியை எதிரணி ரேட்டிங் கூட்டல் 50-ஆலும், எதிரணியின் தொடர்ப் புள்ளியை எதிரணி ரேட்டிங் கழித்தல் 50-ஆலும் பெருக்கிக் கூட்டுவார்கள். 120 ரேட்டிங் அணி 90 ரேட்டிங் அணியை 2-0 என்று வென்றால் 3 × 140 = 420; இரண்டு டெஸ்டோடு ஒன்று சேர்த்து 3-ஆல் வகுத்தால் 140. தோற்ற அணிக்கு 3 × 70, வகுத்தால் 70. இடைவெளி 40 அல்லது அதற்கு மேல் என்றால் பலமான அணி எவ்வளவு அடித்து நொறுக்கினாலும் தன் ரேட்டிங்கைவிட 10 மட்டுமே கூடுதலாகப் பெறும்.

2025 ஜூலையில் ஜிம்பாப்வேயின் புலவாயோவில் தென்னாப்பிரிக்காவின் வியான் முல்டர் ஆட்டமிழக்காமல் 367 எடுத்த தொடரை வைத்துப் பாருங்கள். ஜிம்பாப்வே, அயர்லாந்து, ஆப்கானிஸ்தான் மூன்றும் சாம்பியன்ஷிப்பில் இல்லாததால் அந்த 2-0 வெற்றிக்கு சாம்பியன்ஷிப் புள்ளி பூஜ்யம். தரவரிசையில் அது கணக்கில் உண்டு, ஆனால் அந்த 10-ஐத் தாண்டாது. இரண்டுமே ஏற்கத்தக்க பதில்கள். ஆனால் தரவரிசை மூன்று, நான்கு ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது; பழைய ஆட்டங்களுக்கு பாதி எடை. யார் பலமான அணி என்று கேட்டால் தரவரிசையைப் பார்க்கலாம். இந்த இரண்டு ஆண்டில் யார் இறுதிப்போட்டிக்குத் தகுதி என்று கேட்டால் சதவீதம்தான் வேண்டும். முதன்மை டெஸ்ட் அணிக்கான பரிசான கதாயுதத்தை ஏப்ரல் 1 தரவரிசையை வைத்துக் கொடுத்த காலத்தைவிட, அதை ஒரு போட்டியில் வென்று வாங்கும் இன்றைய முறை எவ்வளவோ மேல்.

மூன்றுமே பார்க்காதது

2021 ஜனவரி 19, பிரிஸ்பேன் காபாவில் 328-ஐத் துரத்தி 3 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது, 30 புள்ளி. அடுத்த மாதம் சேப்பாக்கத்தில், பந்து முதல் நாளே திரும்பிய ஆடுகளத்தில், இங்கிலாந்தை 317 ரன்னில் வென்றது. அதே 30 புள்ளி. இன்றைய முறையில் இரண்டுக்கும் 12. தரவரிசையிலும் சொந்த மண்ணா, வெளிநாடா என்பதற்குத் தனி எடை கிடையாது. இந்த அளவுகோல்களில் உடனே திருத்த வேண்டிய குறை இதுவே.

வெளிநாட்டு வெற்றிக்கு 3 புள்ளி ஊக்கம் கொடுத்து, வகுக்கும் எண்ணை மாற்றாமல் 2023-25-ஐ மறுபடி போட்டுப் பார்க்கலாம். வகுக்கும் எண்ணையும் ஏற்றினால் வெளியே தோற்பவருக்கு இரட்டை அடி விழும்; அதனால் அதைத் தொட வேண்டாம். தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே 3 வெற்றி: 109/144, 75.69%. ஆஸ்திரேலியாவுக்கு 6: 172/228, 75.44%. இந்தியாவுக்கு 3: 123/228, 53.95%. நியூசிலாந்துக்கு 4: 93/168, 55.36%. இங்கிலாந்துக்கும் 4: 126/264, 47.73%.

இறுதிப்போட்டியாளர்கள் மாறவில்லை. மூன்றாம் இடம் மட்டும் கைமாறி நியூசிலாந்துக்குப் போகிறது. பெங்களூரு, புனே, மும்பை மூன்றிலும் இந்தியாவை வீழ்த்தி, 2012-க்குப் பிறகு சொந்த மண்ணில் தொடரே இழக்காதிருந்த அணியை 3-0 என்று அனுப்பிய அணி அது. ஊக்கத்தை 3-லிருந்து 4 ஆக்கினால் ஆஸ்திரேலியா 78.07, தென்னாப்பிரிக்கா 77.78 என்று முதலிடம் மாறிவிடுகிறது. அதனால் 3-ஐத் தாண்டாமல் தொடங்குவது நல்லது.