நோயாளியிடம் நேரடியாகவா, கிளினிக் டாக்டர் வழியாகவா?

ஸ்பெஷலிஸ்ட் இல்லாத சிறு கிளினிக்குக்கு வீடியோவில் இலவசமாக உதவ வரும் ஸ்பெஷலிஸ்ட், நோயாளியை நேரடியாகத் திரையில் பார்க்கலாம். தோல் தடிப்பு, மருந்தளவு மாற்றுவது போன்றவற்றுக்கு இது சரி, ஆனால் வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது, அடுத்த மாதம் அந்த ஸ்பெஷலிஸ்ட் வராவிட்டால் தொடர்ச்சியே அறுந்துவிடும்.

இன்னொரு வழி, கிளினிக் டாக்டரோடு கேஸைப் பேசுவது. "கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறுகிறது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் குறைக்கட்டுமா?" என்று அவர் கேட்பார், பதிலைக் கற்றுக்கொண்டு அப்புறம் வருபவர்களை அவரே பார்த்துக்கொள்வார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2003-ல் கல்லீரல் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய புராஜெக்ட் எக்கோ என்ற திட்டம், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் நோயை இப்படித்தான் கையாண்டது. 2011-ல் வெளியான ஆய்வில் குணமானவர்கள் பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5%, எக்கோ வழியில் இயங்கிய உள்ளூர் கிளினிக்குகளிலும் சிறைகளிலும் 58.2%. என் ஓட்டு இதற்குத்தான். டாக்டரோ நர்ஸோ யாருமே இல்லாத இடத்தில் மட்டும் முதல் வழியை விட்டால் வேறு கதி இல்லை.