வீட்டு கேம்கோடர் கேசட்டுகளை ஹேண்ட்பிரேக் எண்ட வீடியோ சொப்ட்வெயாரில சுருக்கிப் பாத்தன்

அம்மான்ர அலுமாரிக்குள்ள மினிடிவி கேசட் 11 கிடந்தது, டெலிவிஷன் இல்ல, அப்பான்ர பழைய கேம்கோடருக்குப் போடுற அந்தக் குட்டி டேப். அக்கான்ர சாமத்தியவீடு, ஆடிவேல் ரதம் காலி வீதியால வாறது, எல்லாம் அதுக்குள்ளதான். வீடு கொழும்பு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம், பூஞ்சணம் பிடிக்கமுதல் காப்பாத்துவம் எண்டு மூண்டு டேப்பை முதல் ஒரு கடையில குடுத்தன், மூண்டையும் ஒரே டிவிடிக்குள்ள அமத்தித் தந்தாங்கள், அக்கான்ர முகம் கட்டங்கட்டமா இருக்கு. காசு தண்டம்.

பிறகு யூனிட்டி பிளாசா கொம்பியூட்டர் கடையளில ஏறி இறங்கி, கேமராவைக் கொம்பியூட்டரோட கொழுவிற ஒரு பழைய பயர்வயர் கார்ட் எடுத்து நானே ஏத்தினன். ஒரு மணித்தியால டேப்புக்கு ஒரு மணித்தியாலம் குந்தியிருக்கோணும், ஒண்டு 13 ஜிபி வரும், 11க்கும் கணக்குப் பாருங்கோ. ஹேண்ட்பிரேக் வேணும் எண்டது இங்கதான். இலவசம், விளம்பரத் தொல்லை இல்ல. ஆனா கேமராவில இருந்து நேர இழுக்காது, ஏத்தி வச்ச பைலை மாத்திறது மட்டும்தான் அதின்ர வேலை, இது தெரியாம ஒரு பின்னேரம் முழுக்க கேபிளைக் குத்திக் குத்திப் பாத்தது என்ர விசர்.

ஆர்எஃப் எண்டு ஒரு நம்பர் இருக்கு, கூடக்கூட தரம் குறையும். நான் தலைகீழா நினைச்சு 30 போட்டு ஐயர் மூஞ்சையே அழிஞ்சு போச்சு. இந்தப் பழைய 576 வரி வீடியோவுக்கு 18இல இருந்து 22க்குள்ள வையுங்கோ, நான் 18.

முக்கியமான விசயம் டீஇன்டர்லேஸ், அரைப்படங்களை முழுப்படமா மாத்திற வேலை. எங்கட PAL முறைக் கேமரா செக்கனுக்கு 50 அரைப்படம்தான் எடுக்கும், அதை ரெண்டு ரெண்டாச் சேத்து 25 ஆக்கேக்க அசையிற இடமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு விழும், ரதச் சில்லைப் பாத்தா அப்பிடியே தெரியும். பில்டர் பக்கத்தில 'பொப்' எண்டு இருக்கிறதைத் தெரிஞ்சு பிரேம் ரேட்டை 50 ஆக்குங்கோ, 25 எண்டு விட்டா பாதி அசைவைத் தூக்கி எறிஞ்சிடும். அதுக்குப் பிறகு ரதம் வழுக்கிக்கொண்டு வருது, அண்டைக்கு றோட்டில நிண்டு பாத்த மாதிரியே.

எச் 265 எண்ட புதுச் சுருக்கு முறையும் போட்டுப் பாத்தன். பைல் இன்னும் சின்னன்தான், ஆனா என்ர பழைய லாப்டொப் விடிய விடிய முக்குது, வீட்டு டிவியும் யூஎஸ்பியில போட்டா எடுக்கேல்ல. 2003இல வந்த எச் 264ஏ எனக்குக் காணும், 13 ஜிபி ரெண்டரை ஜிபிக்குள்ள வந்திட்டுது. ஒரு இரவு மழைக்குக் கரண்ட் போய் பாதியில நிண்ட பைல் திறக்கவே இல்ல, முதல்ல இருந்து திருப்பி. துண்டு துண்டா ஒட்டவும் ஏலாது, அதுக்கு வேற சொப்ட்வெயார் தேடுங்கோ, அதால 5க்கு 4தான் குடுப்பன். ஏத்தின ஒரிஜினலை அழிக்காதேங்கோ, ஒருக்காச் சுருக்கினா திருப்பி விரியாது.

அம்மா இப்ப கனடாச் சித்திக்கு முழுசா வட்ஸ்அப்பில அனுப்பு எண்டு நிக்கிறா, 2 ஜிபிக்கு மேல போகாதம்மா எண்டாலும் விளங்கேல்ல. தண்ணி வாக்கிற 10 நிமிசத்துக்கு மட்டும் தொடக்கம் முடிவு குடுத்து ஓட விட்டிருக்கிறன்.