தரவுக்கு நன்றி, அறிக்கைக்கு இல்லை

நெல்லின் உயரத்துக்கும் மணி நீளத்துக்கும் காரணமான மரபணுக்களைத் தேட, 192 ரகங்களின் உலர்ந்த இலைகளை ஒரு மரபணு ஆய்வுச் சேவைக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம்.

தரவு வந்ததும் முதலில் எஸ்டி1 என்ற மரபணுவைத்தான் தேடினேன். 1966-இல் வெளியான ஐஆர்8 ரகத்தின் குட்டைத்தனத்துக்கு அதுவே காரணம்; ஜிபரெலின் ஹார்மோனை உருவாக்கும் நொதி ஒன்று பழுதானதால் தண்டு நீளாது. தெரிந்ததையே காட்டாத தரவில் தெரியாததைத் தேடி என்ன பயன்? உயரத்தோடு தொடர்புள்ள இடங்களை முகடாகக் காட்டும் வரைபடத்தில், ஒன்றாம் குரோமோசோமின் கடைசிப் பகுதியில் முகடு பளிச்சென்று எழுந்தது. நிம்மதி.

இலவசமாக இணைத்திருந்த பகுப்பாய்வு அறிக்கைதான் கொடுமை. மணி நீளத்துக்கு 12 குரோமோசோம்களிலும் முகடுகள்! நெல்லின் இரு பெரும் இனக்குழுக்களான இண்டிகாவையும் ஜப்போனிகாவையும் ஒரே கூட்டமாகப் பாவித்திருக்கிறார்கள். இனக்குழு வேறுபாட்டைக் கழிக்காவிட்டால், இரு கூட்டங்களையும் பிரிக்கும் எல்லா இடங்களும் மணியை நீட்டுவதுபோலவே தோன்றும். ரகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு என்று சொல்லும் எண் அட்டவணையான உறவு அணியைச் சேர்த்து, பகுப்பாய்வை நானே மீண்டும் ஓட்டினேன். மூன்றாம் குரோமோசோமில் உள்ள, மணி நீளத்துக்குப் பேர்போன ஜிஎஸ்3 மரபணு மட்டும் நிமிர்ந்து நின்றது.

விளக்கம் கேட்டால், 'மென்பொருள் அப்படித்தான் தரும்' என்று ஒரு வரி பதில். அடுத்த முறையும் இலைகளை இவர்களுக்கே அனுப்புவேன். அறிக்கையைத் திறக்கமாட்டேன்.