யீசி பூஸ்ட் 350 வி2 வாங்கலாமா?

மனநலப் பிரிவில் நர்ஸ் வேலை. ஷிஃப்ட் முழுக்க நிற்பதும் நடப்பதும்தான். 2023இல் அடிடாஸ் தன்னிடம் தேங்கியிருந்த யீசி ஷூக்களை விற்கத் தொடங்கியபோது தம்பி எனக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தான், கறுப்பு நிறத்தில். "அக்கா, உன் குதிகால் வலிக்கு இதைவிட நல்லது கிடைக்காது" என்றான். குதிகால் விஷயத்தில் அவன் சொன்னது முழு உண்மை.

முதலில் ஷூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதன் உயிர் அடிப்பகுதியில் இருக்கும் பூஸ்ட் என்ற நுரை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகளை உப்பவைத்து, நீராவியில் ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்வது. அடிடாஸும் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2013இல் சந்தைக்குக் கொண்டுவந்தன. மிதித்தால் அமுங்கும், காலை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். குளிரிலும் விறைத்துப்போகாது. மேற்பகுதி நூலால் பின்னியது, காலுறை மாதிரி பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இந்த மாடலின் அமைப்பே குறுகலானது. அதனால் அரை அளவு பெரிதாக வாங்குவதுதான் வழக்கம். பின்னல் துணி என்பதால் மழைக்கு ஆகாது. நீண்ட நேரம் நிற்கிறவர்களுக்கு வசதி என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் தயங்காமல் நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் இந்த ஷூவை வசதிக்காக மட்டும் யாரும் வாங்கவில்லை. 2016இல் வி2 வந்தபோது அமெரிக்காவில் விலை 220 டாலர். அவ்வளவு கொடுத்து வாங்க வைத்தது, அடிடாஸோடு சேர்ந்து யீசி ஷூக்களைக் கொண்டுவந்த கான்யே வெஸ்ட் என்ற அமெரிக்கப் பாடகரின் பெயர். அப்படியானால் அந்தப் பெயருக்கு என்ன ஆயிற்று என்பதும் இந்த விமர்சனத்தில் வந்துதான் ஆக வேண்டும்.

2018இல் ஒரு பேட்டியில், நானூறு ஆண்டு அடிமைத்தனம் கறுப்பின மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்தது போலத் தெரிகிறது என்ற பொருளில் பேசினார். அப்போதே பெரும் எதிர்ப்பு எழுந்தது, ஷூ விற்பனை நிற்கவில்லை. 2022 அக்டோபர் 3ஆம் தேதி பாரிஸில், வெள்ளையின மேலாதிக்கவாதிகள் பயன்படுத்தும் முழக்கம் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு தன் ஃபேஷன் நிகழ்ச்சியில் தோன்றினார். சில நாளில், யூதர்களுக்கு எதிராகப் போர் தொடுப்பதுபோல ஒரு ட்வீட். அப்புறம் ஒரு பாட்காஸ்ட்டில், தான் யூத வெறுப்போடு எதைப் பேசினாலும் அடிடாஸ் தன்னைக் கைவிட முடியாது என்று சவால் விட்டார். அக்டோபர் 22ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில் 405 நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள பாலத்தில், யூதர்களைப் பற்றி அவர் சொன்னது சரி என்று ஒரு கும்பல் பதாகை கட்டியது. அடிடாஸ் உறவை முறித்தது அக்டோபர் 25ஆம் தேதி.

அவர் பக்கம் நிற்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது அவருடைய நோயைத்தான். 2018இல் தனக்கு பைபோலார் இருப்பதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். மனநிலை அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் மனநோய் அது, அந்த உற்சாகக் கட்டத்துக்குத்தான் மேனியா என்று பெயர். இது என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேனியா நிலையில் இருப்பவர் தூங்க மாட்டார், பேச்சு நிற்காது, கையில் இருக்கும் பணத்தை வாரி இறைப்பார், தன்னால் முடியாதது ஒன்றுமில்லை என்று நம்புவார். வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் பிடித்து வைக்கும் தடை தளர்ந்துவிடும். இதெல்லாம் உண்மை. அந்த நிலையில் இருப்பவரைக் கேலி செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது, அவரைக் கேலி செய்தவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் யூதர்கள் ரகசியமாக உலகத்தை ஆட்டிவைக்கிறார்கள் என்ற கதையை எந்த நோயும் கண்டுபிடிக்கவில்லை. அது அவர் பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே ஐரோப்பாவில் புழங்கிய கதை. கலங்கிப்போன மனம் சுற்றி என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். என் நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் எந்த இனத்தையும் திட்டுவதில்லை. வெறுப்புக்கு நோயைக் காரணம் காட்டும்போது, அவர்கள் எல்லோர் மீதும் அந்தப் பழி விழுகிறது. இன்னொன்று, பாலத்தில் பதாகை கட்டியவர்களுக்கு எந்த நோயைக் காரணம் சொல்வது?

கறுப்பினத்தவர் எப்படி இனவெறியராக இருக்க முடியும் என்ற வாதத்தையும் நிறையக் கேட்டேன். தான் அடிபட்ட கதை ஒருவருக்கு இருப்பதால், அவர் இன்னொருவரை அடித்தால் வலிக்காமல் போகாது.

நிறுவனத்துக்கு வருவோம். முறிவால் அந்த ஆண்டு லாபத்தில் 25 கோடி யூரோ வரை குறையலாம் என்று அடிடாஸ் அறிவித்தது. பெரிய தொகைதான். ஆனாலும் பாரிஸ் சட்டைக்கும் முறிவுக்கும் இடையே மூன்று வாரம் ஓடிவிட்டது. இது எந்த நிறுவனம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நிறுவனர் அடால்ஃப் டாஸ்லர் 1933இல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற கறுப்பின வீரர் ஓடியது டாஸ்லர் குடும்பப் பட்டறையின் ஷூவில் என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது. இப்படி ஒரு கடந்தகாலம் உள்ள நிறுவனம் முதல் நாளே பேசியிருக்க வேண்டும்.

மிஞ்சிய சரக்கை என்ன செய்வது என்று பிறகு குழம்பினார்கள். எரிப்பது பற்றியும் பேச்சு வந்தது. பெயரை எடுத்துவிட்டு விற்பது நேர்மையாகாது என்றார் புதிய தலைவர் பியோர்ன் குல்டன். கடைசியில் விற்று, ஒரு பகுதியை யூத வெறுப்புக்கும் இனவெறிக்கும் எதிராகச் செயல்படும் அமைப்புகளுக்குக் கொடுப்பது என்று முடிவானது. 2020இல் அமெரிக்கப் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டின் சகோதரர் தொடங்கிய அமைப்பும் அதில் ஒன்று. 2023இல் மட்டும் யீசி விற்பனை சுமார் 75 கோடி யூரோ. கொடுத்ததும் ஒதுக்கியதும் சேர்த்து 14 கோடிக்கு மேல். எரிப்பதைவிட இது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் குல்டன் ஒரு பாட்காஸ்ட்டில், கான்யே அப்படிச் சொன்னதை மனதார நினைத்துச் சொல்லவில்லை என்று தனக்குத் தோன்றுவதாகப் பேசி, பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. கான்யேயும் அந்த டிசம்பரில் ஹீப்ருவில் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரியில் அந்த மன்னிப்பைத் திரும்பப் பெற்று, நாஜிகளின் சின்னமான ஸ்வஸ்திகா பொறித்த சட்டையைத் தன் இணையக் கடையில் விற்பனைக்கு வைத்தார். இணையக் கடைகளுக்கு இடம் தரும் ஷாப்பிஃபை நிறுவனம் அந்தக் கடையை மூடியது.

தம்பி இந்த நன்கொடையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான். "அக்கா, நம்ம காசுல ஒரு பங்கு நல்ல காரியத்துக்குத்தானே போச்சு? ஷூ என்ன பாவம் செஞ்சது?" ஷூ ஒரு பாவமும் செய்யவில்லை. அதைத் தைத்த தொழிலாளிகளும் செய்யவில்லை. எங்கள் பிரிவில் ஒரு யூத மருத்துவர் இருக்கிறார். ஒருநாள் என் காலைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், அந்த அக்டோபரைப் பற்றிப் பேசினார். பள்ளிக்குப் போகும் மகனிடம், தலையில் வைக்கும் சின்னத் தொப்பியைப் பேருந்தில் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டியிருந்ததாம். என்னைக் குறை சொல்லும் ஒரு சொல்கூட அவர் பேச்சில் இல்லை. அதற்குப் பிறகு நான் அதை வார்டுக்குப் போட்டுப் போவதில்லை. கான்யேயின் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்கலாம், அது கேட்பவரோடு முடிந்துவிடும். ஷூவை ஊரே பார்க்கும்படிதான் போட முடியும். எதிரே வருகிற ஒரு குழந்தைக்கு அது எதை நினைவூட்டும் என்பதை என்னால் ஒதுக்கிவிட்டு நடக்க முடியவில்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. காசு கொடுத்தாயிற்று, தேயும்வரை போடுங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். 2024 முடிவதற்குள் அடிடாஸிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் மறுவிற்பனைதான், அந்தச் சந்தையில் போலிகளும் அதிகம். குதிகாலுக்கு வேண்டியது பூஸ்ட் நுரைதான் என்றால் அதே நிறுவனத்தின் அல்ட்ராபூஸ்ட் வரிசையிலும் அது இருக்கிறது. நான் இப்போது வேலைக்குப் போட்டுப் போவது அதைத்தான். வாங்கும்போது மாலையில் போய், வேலைக்குப் போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நின்ற பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும்.