தாத்தா துப்பாக்கியும் நீல சிலிக்கா ஜெல்லும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கடலூரில் வெயில் முகம் காட்டிய பிறகுதான் பீரோவைத் திறந்தேன். உள்ளே தாத்தாவின் ‘12 போர்’ (குழல் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி. லைசென்ஸ் இப்போது என் பேரில் இருக்கிறது. தோல் உறையிலிருந்து உருவினால் குழலின் மேல் நாலு செம்புள்ளிகள். ஒன்றில் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. கடைசியாகத் தொட்டவன் நான்தான். கை வியர்வை உப்பே போதும் போல. மனசு கனத்துப் போச்சு. பெருமாள் ஏரிப் பக்கம் தாத்தா உள்ளான் பறவை சுட்ட துப்பாக்கி அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபின் துடைத்து வைப்பதோடு சரி.

எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தேன். கெடுத்தது அந்த உறை. தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு மாசக்கணக்கில் இரும்போடு ஒட்டிக் கிடந்திருக்கிறது.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு கெமிக்கல் கடையில் நீல சிலிக்கா ஜெல் ஒரு கிலோ வாங்கினேன். கடுகை விடப் பெரிய, கண்ணாடி மாதிரி மணிகள். காற்றின் ஈரத்தை இழுக்க இழுக்க நீலம் வெளுத்து ரோஜா நிறமாகும். துணிப்பையில் கட்டி பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். நாலே நாளில் பாதி மணிகள் நிறம் மாறிவிட்டன! பீரோ கதவு இடுக்கில் காற்று புகுந்துகொண்டே இருந்தால் எந்த ஜெல்லும் தாங்காது. கதவைச் சுற்றி ஸ்பாஞ்ச் டேப் ஒட்டிய பிறகு ஒரு மாசத்துக்கு மேல் நீலம் நின்றது. உள்ளே வைத்த ஈரப்பதமானி 80 சதவீதத்திலிருந்து 48-க்கு இறங்கியது.

நிறம் மாறிய மணிகளை 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி நீலம். அதிகச் சூடு ஆகாது, மணிகள் கறுத்துவிடும். ஒரு குறை: நீலத்துக்காகச் சேர்ப்பது கோபால்ட் குளோரைடு, அது விஷம். சமையல் பாத்திரம், சமையல் ஓவன் இரண்டிலும் போடாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் கோபால்ட் இல்லாத ஆரஞ்சு ஜெல்லே நல்லது. அடுத்த முறை நானும் அதைத்தான் வாங்கப்போகிறேன்.

எண்ணெயை மட்டும் விட்டுவிட வேண்டாம். குண்டு இல்லை என்று குழலைத் திறந்து பார்த்துவிட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு, விரல் தடத்தைத் துடைத்துவிட்டு உறை இல்லாமல் வையுங்கள். இந்த மார்கழிப் பனியிலும் புதுப் புள்ளி ஒன்றுகூட வரவில்லை. பழைய நாலும் தேய்த்த தழும்பாக நிற்கின்றன.