கொம்தாருக்கு ஒரு நாளா, சமையலறையில் ஒரு மாதமா?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆசையை ஊட்ட பினாங்கில் பெற்றோர் சங்கங்கள் பெரும்பாலும் யோசிப்பது இரண்டைத்தான். ஒன்று, கொம்தார் கோபுரக் கட்டடத்தில் 2016-இல் திறந்த டெக் டோம் என்ற அறிவியல் மையத்துக்குப் பேருந்தில் அழைத்துப் போவது. இன்னொன்று, அறிவியல் விழாவுக்காக வீட்டுச் சமையலறையில் ஒரு மாதம் பிள்ளைகளே ஒரு சோதனை செய்வது.

டெக் டோமில் பொத்தானை அமுக்கலாம், கைப்பிடியைச் சுற்றலாம். கண் விரியும், சந்தேகமில்லை. ஆனால் பேருந்து, நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு என்று காசு இறங்கும். அப்புறம் ஒரு காட்சிப்பொருளுக்கு இரண்டு நிமிடம்தான். பின்னால் வரிசை நிற்கும்.

சோதனைக்கு நூலும் ஒரு பழைய பூட்டும் போதும். என் மகள் 25 சென்டிமீட்டர் நூலில் பூட்டைக் கட்டி ஆட்டினாள்: போய்த் திரும்புவது ஓர் ஆட்டம் என்றால், பத்து ஆட்டத்துக்குப் பத்து விநாடி. ஒரு மீட்டர் நூலில் இருபது விநாடிதான். "நூல் நாலு மடங்காச்சே, நாற்பது வரணுமே அப்பா?" என்று மூன்று முறை திரும்ப எண்ணினாள். கனமான பூட்டை மாட்டியும் கணக்கு மாறவில்லை. அன்றிரவு சாப்பிடக்கூட வரவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. முதல் நாள் ராத்திரி அப்பாவே அட்டை வெட்டி ஒட்டி முடித்த 'சோதனை'களை நிறையப் பார்த்திருக்கிறேன். (ஒரு வருடம் நானும் ஒட்டினேன்.)

1972-இல் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் வந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பொறியாளராகப் போக, எண்ணிச் சந்தேகப்படும் பழக்கம் வேண்டும். என் ஓட்டு பூட்டுக்குத்தான். சங்கத்தில் காசு மிஞ்சினால், சோதனை முடிந்தபிறகு டெக் டோமுக்குப் போகட்டும்.