மூன்று சர்வருக்கு ஒரே வால்யூம்: செஃப்பா, குளஸ்டர்எஃப்எஸ்ஸா?

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் ஆபீசில் மூன்று சர்வர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளின் டிசைன் ஃபைல்கள் அவற்றில்தான் இருக்கின்றன. எந்த சர்வர் படுத்தாலும் ஃபைல் கிடைத்தாக வேண்டும். ஒரே சர்வரின் ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் சாதாரண என்எஃப்எஸ் இதற்கு உதவாது. அந்த ஒரு சர்வர் நின்றால் வேலையும் நின்றுவிடும். மீதி இருந்தவை செஃப்பும் குளஸ்டர்எஃப்எஸ்ஸும். இரண்டுமே பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக, அதாவது ஒரே வால்யூமாகக் காட்டும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்கள். நான் எடுத்தது குளஸ்டர்எஃப்எஸ்.

விர்ச்சுவல் மெஷின் டிஸ்க்குகளை வைப்பதாக இருந்தால் யோசிக்காமல் செஃப் பக்கம் போங்கள். ஆனால் அதில் டிஸ்க் ஒன்றுக்கு ஒரு ஓஎஸ்டி, அதாவது அந்த டிஸ்க்கைக் கவனிக்கும் ஒரு புரோகிராம், ஓடும். ஒவ்வொன்றும் இயல்பாக 4 ஜிபி ரேமைக் குறிவைக்கும். எங்கள் சர்வரில் நான்கு டிஸ்க், 16 ஜிபி ரேம். கணக்கு அங்கேயே இடித்தது. பத்து, இருபது சர்வர்களில் செஃப்பை நான் ஓட்டியதில்லை. அந்த அளவில் அதைக் குறை சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்விதான்: கெட்டுப்போன அன்று யார் சரி செய்வது? முதலில் குளஸ்டர்எஃப்எஸ்ஸை இரண்டே சர்வரில், ரெப்ளிகா 2 ஆக (ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு பிரதி) வைத்திருந்தோம். கத்திரி வெயிலில் ஒரு மதியம் கரண்ட் போய்ப் போய் வந்தது. சர்வர்களுக்கு யுபிஎஸ் இருந்தது, நடுவில் இருந்த ஸ்விட்சுக்கு இல்லை. இரண்டு சர்வரும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் தனித்தனியாக எழுதிக்கொண்டன. இதைத்தான் ஸ்ப்ளிட் பிரெயின் என்பார்கள். ஒரு சோல் பேட்டர்ன் ஃபைலைத் திறந்தால் 'இன்புட் அவுட்புட் எரர்' என்று வந்தது. ஒவ்வொரு சர்வரிலும் ஃபைல்கள் நிஜமாக உட்கார்ந்திருக்கும் ஃபோல்டருக்கு பிரிக் என்று பெயர். அதற்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஃபைல் முழுசாக இருந்தது. ஒன்றில் 4.10 மணி, மற்றதில் 4.25. இரண்டையும் காப்பி எடுத்து டிசைனரிடம் திறந்து காட்டினேன். அவர் 4.10 ஃபைல்தான் சரி என்றார். அது இருந்த பிரிக்கையே மூலமாகக் காட்டி, மற்றப் பிரதியை அதன்படி சரி செய்யும் ஹீல் கட்டளையைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. செஃப்பில் ஃபைல் துண்டு துண்டான ஆப்ஜெக்டுகளாகப் போய்விடும். இப்படி டிஸ்க்கைத் திறந்து கண்ணால் பார்க்க முடியாது.

அப்புறம் மூன்றாவது சர்வரை ஆர்பிட்டராக, அதாவது இரண்டுக்கும் நடுவராகச் சேர்த்தோம். அதில் ஃபைல் பெயரும் மெட்டாடேட்டாவும் (ஃபைலைப் பற்றிய விவரங்கள்) மட்டும்தான் இருக்கும். பழைய சின்ன மெஷினே போதும். தனியாகச் சிக்கிய பக்கம் இனி எழுத முடியாது. ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் போட்டாயிற்று. ஒன்றை மறக்காதீர்கள்: பிரிக்கில் படிக்கலாம், நேரடியாக எழுதவே கூடாது.

குறையும் உண்டு. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் இழுக்கும். அதைவிடப் பெரிய கவலை, ரெட் ஹேட் கம்பெனி, குளஸ்டர்எஃப்எஸ்ஸை வைத்து விற்ற தன் 'குளஸ்டர் ஸ்டோரேஜ்' சாஃப்ட்வேருக்கான ஆதரவை 2024 முடிவோடு நிறுத்திவிட்டது. ஓப்பன் சோர்ஸ் பதிப்பைத்தான் நாங்கள் ஓட்டுகிறோம். நாளைக்கு அதுவும் நின்றால், மவுன்ட் செய்த வால்யூமிலிருந்து ஒரு ஆர்சிங்க் (ஃபைல்களைக் காப்பி செய்யும் கட்டளை) ஓட்டி ஃபைல்களை வேறு இடத்துக்கு எடுத்துவிடலாம். சாஃப்ட்வேரே கிளம்பாவிட்டாலும் பிரிக்கில் ஃபைல் ஃபைலாகவே கிடக்கும்.